அன்ரனிட்டாவின் தெறிப்பூடு

"ஆடு வளர்க்கிற மனிசிக்குச் செடி காத்ததெண்டு விருதாம். அதெப்பிடி?"

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். இதை எழுதும் ஆளிடம்தான் கேட்டார். படகு குலுங்கிக்கொண்டிருந்தது, எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சாட்டுச் சொல்லலாம். உண்மையில் பதில் தெரியாது. பிறகு சம்பந்தப்பட்ட எல்லோருடைய வாயையும் கிளறிக் கேட்டு எழுதியதுதான் இது. அந்தப் பெரியவர் எங்கிருந்தாலும் இதை வாசிக்க வேண்டும்.

அன்ரனிட்டாவை நெடுந்தீவில் தெரியாதவர்கள் இல்லை. முகத்தை மறந்தவர்களுக்கும் குரல் தெரியும். வீட்டு வாசலில் நின்று ஆட்டைக் கூப்பிட்டால் அடுத்த வட்டாரத்து ஆடுகளும் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று அவளுடைய கணவன் றஜீவன் சொல்லுவான். சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் காலை வாரியது. யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பேசாமல் நிற்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். அது அவளால் ஏலாத காரியம். ஊருக்குத் திரும்பி வந்து, மீன்பிடிக்கப் போகும் றஜீவனைக் கலியாணம் முடித்து, சீதனமாக வந்த இரண்டு மறியாடுகளை, பெட்டை ஆடுகளை, பட்டியாகப் பெருக்கிவிட்டாள். இப்போது வயது முப்பத்தெட்டு. பாலும் விற்கிறாள், நத்தார்ப் பண்டிகைக்குக் கிடாயும் விற்கிறாள்.

செடிகொடிகளைப் பற்றி அதுவரை அவளுக்கு இருந்த அறிவு ஒன்றுதான்: ஆடு தின்னுமா, தின்னாதா.

கதை தொடங்கியது சேமக்காலையில். கிறிஸ்தவர்களான வேதக்காரரை அடக்கம் செய்யும் அந்த நிலத்தைச் சுற்றி, பவளப்பாறைத் துண்டான முருகைக்கல்லால் கட்டிய மதில் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்பு ஒரு மாரிகாலத்தில், மதில் இடிந்திருந்த பக்கமாக அன்ரனிட்டாவின் கறுப்பி என்ற ஆடு உள்ளே பாய்ந்துவிட்டது. அதைத் துரத்திக்கொண்டு இவள் போனாள். உள்ளே ஓர் இளம்பெண் முழங்காலில் நின்று இரண்டு கையாலும் ஆட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள்தான் கம்சிகா. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிறவள்.

"அக்கா, ஆட்டைப் பிடியுங்கோ. அது தின்னுறது என்னெண்டு தெரியுமோ?"

"புல்லுத்தானே பிள்ளை. ஆடு வேறை என்னத்தைத் தின்னும், புட்டோ?"

கம்சிகா கோபிக்கவில்லை. ஆட்டைப் பிடித்துக் கட்டியபிறகு, அன்ரனிட்டாவைக் குனியச் சொல்லிக் காட்டினாள். நிலத்தோடு நிலமாகப் படர்ந்த ஒரு பூடு. கிள்ளிவிட்ட நகம் அளவு வெள்ளைப் பூ. தீவுப் பகுதி முழுக்க மூன்று வருடமாகத் தேடியும் இதை இந்த மதிலுக்குள்ளேதான் கண்டதாகச் சொன்னாள். வெளியே ஆடு, மாடு, கட்டாக்காலிக் குதிரை எல்லாம் மேய்ந்து முடித்துவிட்டன. முதல் மழைக்கு முளைக்கும், கார்த்திகையில் பூக்கும், மார்கழியில் காய் முற்றிக் கொட்டும், தை வெயிலுக்குச் செத்துப்போகும். காய் கொட்ட முன்பு யாராவது தின்றாலோ பிடுங்கினாலோ அடுத்த வருடம் முளைக்க ஒன்றும் இருக்காது.

அதற்கு ஒரு நீண்ட பெயரும் சொன்னாள். அன்ரனிட்டாவின் நாக்கு அதில் இரண்டு தரம் தடுக்கி விழுந்தது. காயைப் பார்த்தாள். சட்டையில் பூட்டும் தெறி மாதிரி, பொத்தான் மாதிரி, வட்டமாக, நடுவில் குழிந்து இருந்தது. "இது தெறிப்பூடு" என்றாள். அன்றிலிருந்து கம்சிகாவுக்கும் அது தெறிப்பூடுதான்.

அன்று பின்னேரமே றஜீவனைக் கொண்டு மதிலை அடைப்பித்தாள். தன் ஆடு செய்த வேலைக்குத் தானே பொறுப்பு என்பது அவளுடைய கணக்கு. ஆனால் ஆட்டைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருந்தது. நவம்பர் இரண்டாம் திகதி, சகல ஆத்துமாக்களின் நாள். அதற்கு முதல் கிழமை ஊரே மண்வெட்டியோடு சேமக்காலைக்கு வரும். கல்லறையைச் சுற்றி ஒரு புல் நின்றாலும் செத்தவருக்கு மரியாதையில்லை. கனடாவிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகள் படம் கேட்பார்கள். படத்தில் பற்றை தெரிந்தால் சண்டை வரும். பூடு பூக்கத் தொடங்கும் நேரத்தில்தான் இந்தத் துப்புரவு.

அடுத்த வருடம் அந்தக் கிழமைக்கு முன்பே அன்ரனிட்டா வீடு வீடாகப் போனாள். அப்பு படுத்திருக்கிற இடத்தில் பற்றை வளர விடச் சொல்லுகிறாயோ என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஒருவர் படலையையே திறக்கவில்லை.

வழி கிடைத்தது சுண்ணாம்புச் சட்டியில். தன் தாயின் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது மிச்சச் சுண்ணாம்பு இருந்தது. கையெட்டிய தூரத்தில் கிடந்த முருகைக்கற்களுக்கும் பூசி, தெறிப்பூடு நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கினாள். தள்ளி நின்று பார்த்தால் யாரோ அக்கறையாகச் சோடித்த மாதிரி இருந்தது. படத்திலும் அழகாக விழுந்தது. அடுத்த கல்லறைக்காரர் தங்களுக்கும் ஒரு வட்டம் வேண்டும் என்றார்கள். இரண்டு வருடத்துக்குள் சேமக்காலை முழுக்க வெள்ளைக்கல் வட்டங்கள். வட்டத்துக்குள் மண்வெட்டி போகாது.

பக்கத்து வீட்டுக் கிறேசம்மாவுடைய கணவனின் தலைமாட்டில்தான் ஆகப் பெரிய வட்டம். கிறேசம்மா வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டுவாள். "உயிரோடை இருக்கேக்கை எனக்கொரு பூ வாங்கித் தந்த மனிசனில்லை. இப்ப தலைமாட்டிலை பூந்தோட்டம் வைச்சுக்கொண்டு கிடக்கிறார்."

எல்லோரும் வட்டத்தை மதித்தார்கள். வட்டத்துக்குள் என்ன நிற்கிறது என்று மட்டும் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு சீமெந்துப் பேச்சு வந்தது. வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச்சனம் வட்ஸ்அப் குழுவில் கூடி, கல்லறைகளுக்கு இடையிலுள்ள நிலம் முழுவதையும் சீமெந்து போட்டு மூடிவிடத் தீர்மானித்தார்கள். புல்லும் வராது, சப்பாத்தில் சேறும் படாது. கோயில் சபைத் தலைவர் இன்னாசித்தம்பிக்கு அதில் நல்ல விருப்பம். கண்டிப்பான மனிதர், ஆனால் நேர்மையானவர். அன்ரனிட்டா அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஒரு பின்னேரம் முழுக்கக் கத்தினாள். அவர் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"எடி பிள்ளை, ஒரு பூட்டுக்காக நான் அவ்வளவு சனத்தோடையும் சண்டை பிடிக்க ஏலாது. விசயம் தெரிஞ்ச ஆக்கள் இது பெறுமதியெண்டு சொல்லி ஒரு விருது கிருது தரட்டும். அப்ப நானே முன்னுக்கு நிண்டு சீமெந்தை நிப்பாட்டுறன். இல்லாட்டில் தை பிறந்தவுடனை வேலை தொடங்கும்."

அவர் பகிடிக்குச் சொன்னாரோ என்னவோ, அன்ரனிட்டா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கம்சிகாவுக்குத் தொலைபேசி எடுத்து, பூடுகளுக்கு விருது கொடுக்கிற ஆக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். இருந்தார்கள். கொழும்பில் ஒரு தாவரவியல் சங்கம், தாவர அறிவியலுக்கும் பாதுகாப்புக்கும் பங்களித்தவர்களுக்கு வருடம் ஒரு விருது கொடுத்துவந்தது. இதுவரை எடுத்தவர்கள் பேராசிரியர்கள், பூங்காப் பொறுப்பாளர்கள். ஆடு வளர்ப்பவர் எடுக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கம்சிகா அவளுடைய பெயரை அனுப்பினாள். புரட்டாதியில் பதில் வந்தது: கடைசிச் சுற்றில் அன்ரனிட்டாவும் இருக்கிறாள். கார்த்திகையில் நடுவர் பேராசிரியர் மனோகரி நேரில் வந்து பார்ப்பார்.

அன்றைக்கு அன்ரனிட்டா போட்ட சத்தத்தில் ஆடுகள் பட்டிக்குள் நெருக்குப்பட்டன.

நடுவர் வருவது ஒரு சனிக்கிழமை. முதல்நாளே யாழ்ப்பாணம் போய், கம்சிகா வீட்டில் தங்கி, விடிய மனோகரியையும் கூட்டிக்கொண்டு அன்ரனிட்டா படகேறினாள். காற்றுக்கு அலை உயர்ந்தது. மனோகரி வாந்தி வருமோ என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்ரனிட்டா மடியிலிருந்து தேசிக்காய் எடுத்து மணக்கக் கொடுத்துவிட்டு, கரை தெரியும்வரை கதைத்துக்கொண்டே வந்தாள். கறுப்பி பாய்ந்தது, கிறேசம்மாவின் பூந்தோட்டம், வட்டங்கள், சீமெந்து, எல்லாம். தேசிக்காயா கதையா என்று தெரியாது, மனோகரிக்குச் சத்தி வரவில்லை.

இறங்குதுறையில் பாண்ட் வாத்தியம் முழங்கியது. பட்டுவேட்டியும் மாலையுமாக இன்னாசித்தம்பி நின்றார். அன்ரனிட்டாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

"என்ன அண்ணை, ஆயரோ வாறார்?"

"ஆயருக்கும் இப்பிடிச் செய்ததில்லை. வந்து பாரும்."

சேமக்காலை வாசலில் தோரணம் கட்டியிருந்தது. உள்ளே கண் கூசியது. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் பாதைக்குக் கடற்கரை வெண்மணல் பரப்புவது ஊர் வழக்கம். இங்கே பாதைக்கு மட்டுமல்ல, நிலம் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். ஒரு புல் இல்லை. ஒரு வட்டமும் இல்லை. வட்டத்துக் கற்களெல்லாம் புதுச்சுண்ணாம்பு பூசி, நடைபாதையின் இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன.

அன்ரனிட்டா வாய் பேசாமல் நின்றதை நெடுந்தீவு அன்றுதான் முதன்முதல் கண்டது.

இன்னாசித்தம்பி பெருமையோடு விளக்கினார். மழைக்குக் கற்கள் கறுத்துப்போயிருந்தனவாம். விருந்தாளிக்கு அப்படியா காட்டுவது? வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டிச் சிரமதானம் வைத்தாராம். கற்களைப் பொறுக்கி வெள்ளையடித்து, புல்லைச் சுத்தமாகப் பிடுங்கி, மணலும் போட்டாயிற்று. கடைசியில் ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே மட்டும் பெரியதொரு வட்டம். நடுவில் ஊதாப் பூவோடு ஒரு செடி தளதளவென்று நின்றது.

"நீர் காத்த பூட்டை மட்டும் ஒருத்தரையும் தொட விடேல்லைப் பிள்ளை. விடியத் தண்ணியும் ஊத்தினனான்."

"அண்ணை," என்றாள் அன்ரனிட்டா. குரல் காற்றுப்போல வந்தது. "அது நித்தியகல்யாணி. என்ரை கக்கூசுக்குப் பின்னாலையும் நிக்குது."

பாண்ட்காரரில் ஒருவன் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கம்சிகா ஒரு கல்லறை விளிம்பில் இருந்துவிட்டாள். இன்னாசித்தம்பிக்கு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. கற்களைப் பொறுக்கியபிறகு எது பூடு எது புல் என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பூவோடு நின்றது அந்த ஒன்றுதான். ஆனபடியால் விருது அதற்குத்தான் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

விருது போனால் சீமெந்து. சீமெந்து வர முன்பே பூடு போய்விட்டது. அடுத்த நிமிடம் அன்ரனிட்டாவுக்குக் குரல் திரும்பிவிட்டது.

"பிடுங்கினதை எங்கை போட்டனீங்கள்?"

கிறேசம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உன்ரை ஆட்டுக்குத்தான் பிள்ளை. விருதெடுக்கிற பிள்ளையின்ரை ஆடுகள் வடிவாய்த் தின்னட்டும் எண்டு..."

அன்ரனிட்டா புதுச்சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் கம்சிகா ஓடினாள். அதற்குப் பின்னால் இன்னாசித்தம்பி, கிறேசம்மா, ஊர், மேளத்தோடு பாண்ட். கொழும்பிலிருந்து வந்த பேராசிரியரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

பட்டி வாசலில் றஜீவன் நின்றான். முதலாவதாக அவன் சொன்னது, தான் ஒன்றும் செய்யவில்லை என்று. பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டான்.

"புல்லு எங்கை? ஆட்டுக்குப் போட்டியளோ?"

"ஈரப்புல்லையோ? வயிறு ஊதிச் செத்தால் உன்னட்டை ஆர் ஏச்சு வாங்கிறது? காயட்டும் எண்டு அங்காலை வைச்சிருக்கிறன்."

வேலிக்கு வெளியே ஒரு குவியல், இரவு மழைக்காகப் படங்கு போட்டு மூடியிருந்தது. கறுப்பி மட்டும் வேலிக்குள்ளால் கழுத்தை நீட்டி ஓரத்தை நோண்டிக்கொண்டிருந்தது. அன்ரனிட்டா படங்கை இழுத்தாள். கோரை, அறுகு, நெருஞ்சி, எல்லாம் வேரோடும் மண்ணோடும் கிடந்தன. நடுவில் சாம்பல் பூசிய மாதிரி ஓர் இலை தெரிந்தது. எடுத்துப் பார்த்தாள். வாடியிருந்தது, சாகவில்லை.

மனோகரி மூச்சு வாங்க வந்து, அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வேரில் ஈரமண் இருக்கிறது, வானமும் மூடியிருக்கிறது, உடனே நட்டால் அரைவாசியாவது பிழைக்கும் என்றார். சேமக்காலையில் மணலுக்கு அடியில் மூடுண்டவையும் இருக்கும். மணலைக் கையால்தான் ஒதுக்க வேண்டும், விளக்குமாறு தொடக்கூடாது. அன்ரனிட்டாவைத் திரும்பிப் பார்த்தார். எல்லோருக்கும் எதைப் பொறுக்குவதென்று காட்டும்படி சொன்னார்.

அன்ரனிட்டா ஆட்டுக்குக் குழை கட்டும் வாங்குப் பலகையில் ஏறி நின்றாள். ஒரு பூட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். இலையின் மேல்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் சாம்பல். தண்டு சிவப்பு. காய் சட்டைத் தெறி, நாலு ஓட்டை மட்டுந்தான் இல்லை. சந்தேகமென்றால் கொண்டுவந்து காட்டுங்கள், எறிந்தால் கொன்றுபோடுவேன் என்றாள். ஊர் வரிசையாக வந்து பார்த்தது. கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு பிடி அள்ளிப் பிரித்தார்கள்.

அதன்பிறகு நடந்தது ஒரு திருவிழா. வாளியோடு ஓடுகிறவர்கள், குழி கிண்டுகிறவர்கள், தென்னோலை வெட்டி நிழல் குத்துகிறவர்கள். பாண்ட்காரர் ஓரமாக மேளத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் காவினார்கள். நடுவர் வேலையை மறந்து மனோகரி, வேரை எப்படி இறக்குவது, மண்ணை எப்படி அமத்துவது என்று கல்லறை கல்லறையாகப் போய்க் காட்டினார். இன்னாசித்தம்பி பட்டுவேட்டியோடு சேற்றில் முழங்காலில் இருந்து மணலைக் கையால் அள்ளினார். ஒரு தடவை தலை நிமிர்ந்து, "பிள்ளை, இது அதுதானே?" என்று கேட்டார். அதுதான். மணலுக்குள் நசுங்கிக் கிடந்தது, பூ மட்டும் உதிரவில்லை. அன்ரனிட்டா தலையாட்டினாள். அவர் அதற்கு மேலே இரண்டு கையையும் குடையாகப் பிடித்துக்கொண்டு, தென்னோலை வரும்வரை அப்படியே இருந்தார்.

மத்தியானம் மழை வந்தது. நனைந்துகொண்டே நட்டார்கள்.

பின்னேரப் படகுக்கு நேரமாகியது. இறங்குதுறையில், சேறு காய்ந்த சேலையோடு மனோகரி அன்ரனிட்டாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் உமக்குப் பொய் சொல்ல மாட்டன். உம்மடை வேலை பெரிய வேலை. ஆனால் நீர் ஒரு இரவு ஊரிலை இல்லை, எல்லாம் பிடுங்குப்பட்டுப் போச்சு. நீர் இல்லாட்டில் இந்தப் பூடு இல்லையெண்டால் இதைப் பாதுகாப்பெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

அவர் சொன்னது சரி என்று அன்ரனிட்டாவுக்கே தெரிந்தது.

"மார்கழியிலை காய் முத்தேக்கை திரும்பவும் வருவன். திகதியை உமக்கு மட்டும் சொல்லுவன். அண்டைக்கு நீர் தீவிலை நிக்கக்கூடாது. ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது. ஏலுமோ?"

"நிக்காமல் விடலாம்," என்றாள் அன்ரனிட்டா. "சொல்லாமல் விடுறதுதான் கஷ்டம்."

அந்த மாதம் எப்படிப் போனதென்று அவளைக் கேட்டால் இன்னும் நெஞ்சைத் தடவுவாள். நட்டவற்றில் கொஞ்சம் பட்டுப்போயின. மிச்சம் தலை தூக்கின. அப்போதுதான் அவள் எதிர்பாராத ஒன்று தொடங்கியது. போட்டி. ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் நேரே வீட்டுக்குப் போகவில்லை. சேமக்காலைக்குள் போய்த் தாங்கள் நட்டவற்றைக் குனிந்து பார்த்தது. உங்கள் பெரியப்பாவின் பூடு பிழைத்துவிட்டதோ என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். ஒரு வீட்டாரின் பூடு காய்த்துவிட்டதென்று மற்ற வீட்டார் முகத்தைத் தூக்கினார்கள். கிறேசம்மா தன்னுடையவற்றை எண்ணி எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்த அன்று பக்கத்துக் கல்லறைக்காரரோடு வாய்த்தர்க்கப்பட்டாள். அது ஓலைக்குக் கீழே இருந்தது பிறகு தெரிந்தது, மன்னிப்புக் கேட்கவில்லை.

நத்தாருக்குச் சில நாள் இருக்கையில் மனோகரி அழைப்பெடுத்தார். அடுத்தநாள் வருகிறாராம்.

அன்ரனிட்டா றஜீவனிடம்கூடச் சொல்லவில்லை. தீவுக்கு வெளியே, சுருவில் என்ற ஊரில் இருக்கும் அக்காவோடு பலகாரம் சுடப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்னேரப் படகில் ஏறினாள். றஜீவன் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இவ்வளவு குறைவாகக் கதைத்தால் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது.

விடிந்தது. அக்கா மாக்குழைத்த சட்டியை இவள் மூன்று தரம் கவிழ்க்கப் பார்த்தாள். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு பலகாரம் சுட முடியாது என்று அக்கா அவளைச் சாட்டி என்ற கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பள்ளி விடுமுறைக்கு வந்த சனம் குளித்துக்கொண்டிருந்தது. அன்ரனிட்டா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி கரை நீளத்துக்கு நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். இப்போது மனோகரி படகில் இருப்பார். இப்போது இறங்கியிருப்பார். இப்போது வாசலைத் திறந்திருப்பார். மனம் சேமக்காலைக்குள் கல்லறை கல்லறையாகப் போய்க்கொண்டிருந்தது. யாராவது நத்தார்த் துப்புரவுக்கு மண்வெட்டியோடு வந்துவிட்டால்?

தொலைபேசி அடித்தது. றஜீவன். கறுப்பி இரண்டு குட்டி போட்டுவிட்டதாம், இரண்டும் மறியாம். ஓம் ஓம் என்று வைத்துவிட்டாள். பிறகுதான் அவன் என்ன சொன்னான் என்பதே தலைக்குள் போனது.

மறுபடி அடித்தது. இன்னாசித்தம்பி.

"பிள்ளை, எல்லாம் கெட்டுப்போச்சு. அந்த மனோகரி அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறா."

அன்ரனிட்டா மணலில் இருந்துவிட்டாள். என்ன நடந்ததென்று ஒழுங்காகச் சொல்லும்படி கெஞ்சினாள். அவர் சொன்னார். மனோகரி வந்தபோது கிறேசம்மாவும் வேறு சிலரும் சேமக்காலையில் நின்றார்கள். அவர் கும்பிட்டுவிட்டு, நத்தார் வருகிறதே, தானும் கொஞ்சம் புல்லுப் பிடுங்கித் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டு கிறேசம்மாவின் கணவனுடைய தலைமாட்டில் குந்தினார். ஓர் அறுகைப் பிடுங்கினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நெருஞ்சியைப் பிடுங்கினார். மூன்றாவதாக அவர் கை போனது ஒரு தெறிப்பூட்டுக்கு.

"கிறேசம்மா கையிலை அடிச்சுப்போட்டாள் பிள்ளை. பேராசிரியருக்கு. 'விடும் கையை, காய் கொட்டேல்லை' எண்டு கத்தி, அடிச்சே போட்டாள். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டனான். அந்த அம்மா ஒண்டும் பேசாமல் எழும்பி, மற்றக் கல்லறைப் பக்கம் போய், அங்கையும் ஒண்டிலை கை வைச்சா. அங்கை நிண்ட பொடியள் ரெண்டுபேர் குறுக்கை விழுந்திட்டாங்கள். எனக்கு மானம் போச்சு. உம்மடை விருதும் போச்சு."

அன்ரனிட்டா எழும்பினாள். சேலையோடு கடலுக்குள் ஓடி, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கூச்சல் போட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ அமிழ்ந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்கள். கரையில் அக்கா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். தொலைபேசிக்குள் இன்னாசித்தம்பி, "பிள்ளை, அழாதையும், பிள்ளை, அழாதையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தை பிறக்க முன்பே அன்ரனிட்டாவுக்குத்தான் விருது என்று கடிதம் வந்துவிட்டது, மாசியில் கொழும்பில் கொடுத்தார்கள். அன்ரனிட்டா கிறேசம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மண்டப வாசலில் மனோகரி கிறேசம்மாவைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கிறேசம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை: "பிழை உங்களிலைதானே அம்மா." மேடையில் அன்ரனிட்டாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் பேசினாள் என்பதைச் சங்கத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னாசித்தம்பி சொன்ன சொல் தவறவில்லை. வட்ஸ்அப் குழுவில் தன் குரலிலேயே சொன்னார்: சேமக்காலை நிலம் மண்ணாகவே இருக்கும், சீமெந்து வேண்டுமென்றால் இடிந்த மதிலுக்குப் போடுவோம். கனடாவிலிருந்து ஒருவர் கோபித்துக் குழுவைவிட்டு வெளியேறினார். அடுத்த கிழமை திரும்பிச் சேர்ந்து, தங்கள் அம்மாவின் தலைமாட்டிலும் அந்தப் பூடு நிற்கிறதோ என்று கேட்டார். நிற்கிறது. படம் அனுப்பினார்கள்.

ஆனால் விதை இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முளைக்கும். அதே நேரத்தில் வெளிநாடுகளிலிருந்து தொலைபேசி அழைப்புகளும் வரும், கல்லறையைச் சுத்தமாக்கிப் படம் அனுப்பச் சொல்லி. நெடுந்தீவில் மட்டுமல்ல, அனலைதீவில், ஊர்காவற்றுறையில், எங்கெல்லாம் மதிலுக்குள் ஆடுமாடு மேயாத நிலம் இருக்கிறதோ அங்கெல்லாம் என்ன முளைக்கிறதென்று இன்னும் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஆகையால் இதை வாசித்தவர்கள் இதோடு மடித்து வைத்துவிட வேண்டாம். உங்கள் ஊரில் மண்வெட்டி தூக்கப்போகிறவருக்கும், அவரைத் தூக்கச் சொல்லிக் காசு அனுப்புகிறவருக்கும், மழை தொடங்க முன்பு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். வாசிக்க நேரமில்லை என்பவருக்கு வாயாலேயே சொல்லுங்கள். படகில் நேரம் இருக்கும்.